எக்ட்வெட் பெண் எங்கிருந்து வந்தாள்? வயல் சுண்ணாம்பு குழப்பிய ஒரு கணக்கு

டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தில், வைலெ நகருக்குத் தென்மேற்கே எக்ட்வெட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1921 பிப்ரவரி 24 அன்று அங்கே ஒரு விவசாயி தன் நிலத்திலிருந்த பழைய ஈமமேட்டின் மிச்சத்தை வெட்டிச் சமன் செய்துகொண்டிருந்தபோது, அடியில் ஒரு மரப்பெட்டி தட்டுப்பட்டது. ஓக் மரத்தின் அடிமரத்தைப் பிளந்து, உள்ளே குடைந்து செய்த சவப்பெட்டி. தகவல் கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது. பெட்டியை வயலிலேயே பிரித்துப் பார்க்காமல் அப்படியே தலைநகருக்கு அனுப்பினார்கள். அங்கே தோமஸ் தோம்சென் மேற்பார்வையில் அடுக்கடுக்காகத் திறந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இதே போன்ற பெட்டிகள் பல, கிடைத்த இடத்திலேயே அவசரமாகத் திறக்கப்பட்டுப் பாதி தகவல் மண்ணோடு போயிருந்தது. இந்தப் பெட்டி தப்பியது அந்த ஒரு முடிவால்தான்.

உள்ளே 16 முதல் 18 வயதுக்குள் ஒரு பெண். உயரம் சுமார் 160 செ.மீ. எலும்பு என்று எதுவும் இல்லை. பொன்னிறத் தலைமுடி, பற்கள், நகங்கள், மூளையின் மிச்சம், கொஞ்சம் தோல், இவற்றோடு முழு உடுப்பும் இருந்தது. ஓக் பலகையின் ஆண்டு வளையங்களை எண்ணி, மரம் வெட்டப்பட்டது கி.மு. 1370 என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். நம் கையில் இருப்பது ‘சுமார் ஒரு நூற்றாண்டு முன்பின்’ என்ற கார்பன் காலக்கணிப்பு அல்ல, ஒரே ஆண்டு. பெட்டியின் விளிம்பில் ஒரு பூங்கொத்துத் தண்டும் கிடந்தது. அதனால் பருவமும் தெரிகிறது: கோடை. அந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் யாரோ என்று பெயர். பெயர் தெரியாத பெண்ணின் பெட்டியில் கிடந்த பூவுக்கு இப்படி அமைந்தது, தமிழ்க் காதுக்கு மட்டும் கேட்கும் தற்செயல்.

எலும்பு போய், முடி நின்றது எப்படி

இதைப் புரிந்துகொள்ளாமல், அவள் உள்ளூர்க்காரியா வெளியூர்க்காரியா என்ற பிந்தைய ஆய்வுச் சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது. யூட்லாந்தின் வெண்கலக் கால ஈமமேடுகள் வெறும் மண் குவியல்கள் அல்ல. மேய்ச்சல் நிலத்திலிருந்து புல்லோடு மேல்மண்ணைக் கட்டி கட்டியாகச் செதுக்கி எடுத்து, பெரும்பாலும் புல்பக்கம் கீழாகக் கவிழ்த்து அடுக்கிக் கட்டியவை. எக்ட்வெட் மேடு சுமார் 30 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் கொண்டது. அந்த அளவுக்குச் சில ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்தையாவது உரித்திருக்க வேண்டும். கொங்கெயோன் ஆற்றுக்கு அருகே ஸ்கெல்ஹோய் மேட்டை 2002 முதல் 2004 வரை முழுதாக அகழ்ந்தபோது, அதை எட்டுப் பிரிவாக, கேக் துண்டு போட்டது போலப் பிரித்துக் கட்டியிருந்தது தெரிந்தது.

நடுவே ஈரமான புல்கட்டிகள் இறுகி உட்கார்ந்ததும், அவற்றிலுள்ள புல்லும் வேரும் அழுகத் தொடங்கி, உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்ததும் மண்ணில் துருவாக இருந்த இரும்பு கரைந்து நீரோடு வெளிப்பக்கம் நகர்கிறது. காற்று எட்டும் எல்லையை அது தொட்டவுடன் மறுபடி துருவாகப் படிகிறது. இப்படி மையத்தைச் சுற்றி, கல் போல இறுகிய ஓர் இரும்பு ஓடு உருவாகிறது. ஓடு மூடிய பின் உள்ளிருக்கும் நீர் வெளியேறாது, வெளிக்காற்று உள்ளே நுழையாது. புல்கட்டியை ஈரமாக அடுக்கினால் ஆக்சிஜன் தீர்வது மிக விரைவாக நடக்கும் என்பதை டென்மார்க்கின் லெய்ரேயில் சிறிய சோதனை மேடுகள் கட்டிப் பார்த்து உறுதி செய்தார்கள். எனவே மேடு கட்டியவர்கள் எப்படி அடுக்கினார்கள் என்பதே, 3,300 ஆண்டு கழித்து ஒரு தலைமுடி கிடைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானித்தது.

உள்ளே தேங்கிய நீர் அமிலத்தன்மை உள்ளது. எலும்பின் கால்சியம் பாஸ்பேட்டை அது கரைத்துவிடும். முடி, நகம், கம்பளி, மாட்டுத்தோல், கொம்பு ஆகிய புரதப் பொருள்களை ஓரளவு விட்டுவைக்கும். பல்லின் எனாமல் உடலிலேயே மிகக் கடினமானது என்பதால் தாக்குப்பிடித்தது. சணல், ஆளி போன்ற செடி இழைகளும் அந்த அமிலத்தில் நிற்பதில்லை. ஆகவே பெட்டியில் கம்பளி மட்டுமே இருக்கிறது என்பதைப் பார்த்து ‘அந்தக் காலத்தில் ஆளித்துணி இல்லை’ என்று முடிவு கட்டுவது தவறு. பாடநூல்களில்கூட எட்டிப் பார்க்கும் தவறு இது.

பெட்டிக்குள்

மேலே போர்த்தியது மாட்டுத்தோல், அதன் கீழே கம்பளிப் போர்வை. முழங்கை வரை கை வைத்த ஒரு குட்டைக் கம்பளிச் சட்டை. இடுப்பில் சுருள் வடிவங்கள் பொறித்த, சுமார் 15 செ.மீ. விட்டமுள்ள வெண்கலத் தட்டு. கைகளில் வளையம், காதில் ஒரு மெல்லிய வளையம், இடைக்கச்சையில் கொம்புச் சீப்பு. தலைமாட்டில் பிர்ச் மரப்பட்டைப் பெட்டி ஒன்று, அதில் ஊசித் துளைப்பான், வெண்கல ஊசிகள், தலைமுடி வலை. கால்மாட்டில் பிர்ச் பட்டைக் குடுவை. அதன் அடியில் ஒட்டியிருந்த வண்டலை ஆராய்ந்ததில் கோதுமை, தேன், போக் மிர்ட்டில் என்ற சதுப்புநிலச் செடி, கௌபெர்ரி ஆகியவை தெரிந்தன. லைம் மரம், மெடோஸ்வீட், வெண் க்ளோவர் ஆகியவற்றின் மகரந்தம் தேன் வழியே வந்து சேர்ந்திருக்கிறது. தேன் கலந்த ஒரு வகை பீர் அது.

பாவாடையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நீளம் 38 செ.மீ. மட்டுமே. இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுவது, விரித்தால் சுமார் 154 செ.மீ. மேலே குறுகலாக நெய்த ஒரு பட்டி. சாதாரண நெசவில் ஊடை நூல் ஓரத்தில் திரும்பி உள்ளே போய்விடும். இங்கே அதைத் திருப்பாமல் ஒரு பக்கம் நீளமாக இழுத்துவிட்டு, முறுக்கிக் கயிறாக்கியிருக்கிறார்கள். கயிறுகள் கீழே கண்ணிகளாக முடிகின்றன, அவற்றை ஒரு தனி இழை வரிசை கலையாமல் கோத்து நிறுத்துகிறது. வெட்டு இல்லை, தையல் இல்லை, துணி வீணாவதும் இல்லை. 1920களில் இதைக் கண்ட டேனிஷ் மக்களில் பலர், ‘நம் முன்னோரில் ஒரு பெண் இப்படி உடுத்தியிருப்பாளா’ என்று முகம் சுளித்தார்கள். உடுப்பைச் சடங்குக்கு உரியது, நடனமாடுபவளுக்கு உரியது என்று சொல்லிச் சமாதானம் தேடியதும் உண்டு.

கால்மாட்டில் ஒரு சிறு மூட்டை. எரியூட்டப்பட்ட 5 அல்லது 6 வயதுக் குழந்தையின் எலும்புகள். சில துண்டுகள் தலைமாட்டுப் பெட்டியிலும் கிடந்தன. வயதுக் கணக்கின்படி இவள் அந்தக் குழந்தையின் தாயாக இருக்க வாய்ப்பில்லை.

ஸ்ட்ரான்சியம் சொன்னது

கரீன் மார்கரீட்டா ஃப்ரெய் தலைமையிலான குழு 2015 மே மாதம் வெளியிட்ட கட்டுரை இந்தப் பெண்ணை உலகச் செய்தி ஆக்கியது. அடிப்படை எளிது. பாறையிலுள்ள ரூபிடியம்-87 மிக மெதுவாகச் சிதைந்து, ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஒரு வகையான ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. பழைய கிரானைட்டில் அது நிறையச் சேர்ந்திருக்கும், இளம் சுண்ணப்பாறையில் குறைவு. அதனால் ஸ்ட்ரான்சியம்-87க்கும் 86க்கும் உள்ள விகிதம் நிலத்துக்கு நிலம் மாறும். சுண்ணக்கட்டிப் பாறையில் 0.708 அளவில், கடல்நீரில் 0.7092, பழைய கிரானைட் நிலத்தில் 0.72ஐயும் தாண்டும். மண்ணிலிருந்து நீருக்கும் பயிருக்கும், அங்கிருந்து உடலுக்கும் இந்த விகிதம் ஏறக்குறைய மாறாமல் வருகிறது. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் பிறப்பிலிருந்து மூன்று நான்கு வயதுக்குள் உருவாகி, பிறகு புதுப்பிக்கப்படுவதில்லை. எனவே அது குழந்தைப் பருவ ஊரின் முத்திரை. முடி மாதம் ஒரு செ.மீ. வளரும் என்பதால், அவளது 23 செ.மீ. முடி கடைசி 23 மாதங்களின் நாட்குறிப்பு, நுனி பழையது, வேர் புதியது. கட்டைவிரல் நகம் கடைசிச் சில மாதங்களைச் சொல்லும்.

ஆய்வகத்தில் செய்வது இது. எனாமலின் மேற்பரப்பை நுண் துளைப்பானால் தேய்த்து நீக்கி, உள்ளிருந்து சில மில்லிகிராம் எடுக்க வேண்டும். முடியையும் கம்பளியையும் வெட்டுவதற்கு முன் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் கழுவி, ஒட்டியிருக்கும் களிமண் தூசியைக் கரைக்க வேண்டும். அந்தத் தூசி ஒரு துளி தங்கினாலும் முடியிலுள்ள சொற்ப ஸ்ட்ரான்சியத்தை அமுக்கிவிடும். பிறகு மாதிரியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ஸ்ட்ரான்சியத்தை மட்டும் பிடிக்கும் ரெசின் நிரப்பிய சிறு குழாயில் விடுவார்கள். கால்சியமும் ரூபிடியமும் கழுவிப் போகும். கடைசியில் வெறும் நீர் விட்டால் ஸ்ட்ரான்சியம் இறங்கும். ரூபிடியம் சரியாகப் போகாவிட்டால் ஆபத்து: அணுக்களை எடையால் பிரித்து அளக்கும் நிறைமாலைமானிக்கு ரூபிடியம்-87, ஸ்ட்ரான்சியம்-87 இரண்டும் ஒரே எடை. விகிதம் பொய்யாக உயர்ந்து, உள்ளூர்க்காரர் வெளியூர்க்காரர் ஆகிவிடுவார்.

அப்போது கையிலிருந்த ஸ்ட்ரான்சியம் விகித வரைபடத்தின்படி, போர்ன்ஹோல்ம் தீவைத் தவிர்த்த டென்மார்க்கின் எல்லை 0.708 முதல் 0.711 வரை. பெண்ணின் பல் 0.711ஐத் தாண்டி 0.712ஐ ஒட்டி நின்றது. உடுப்பிலிருந்து எடுத்த நூல்களும் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே. முடியை வரிசையாகப் பகுத்து அளந்தபோது ஒரு பயணக் கதை விரிந்தது: தொடக்கத்தில் பிறந்த ஊரை ஒத்த நிலத்தில் இருந்தாள், பின்பு யூட்லாந்து போன்ற இடத்துக்கு வந்து 9 முதல் 10 மாதம் தங்கினாள், மறுபடி பழைய இடம் போய் 4 முதல் 6 மாதம் இருந்தாள், இறப்பதற்குச் சுமார் ஒரு மாதம் முன்னர் எக்ட்வெட் வந்து சேர்ந்தாள். அந்தப் பழைய இடம் தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காடு, எக்ட்வெட்டிலிருந்து சுமார் 800 கி.மீ. தொலைவு என்று குழு முன்வைத்தது.

ஸ்ட்ரான்சியம் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டாது, பொருந்தாத இடங்களை விலக்க மட்டுமே அதற்குத் தெரியும். 0.712ஐ ஒட்டிய விகிதம் ஸ்வீடனிலும் நார்வேயிலும் போர்ன்ஹோல்மிலும் மத்திய ஐரோப்பாவின் பல மலைப்பகுதிகளிலும் கிடைக்கும். அவற்றுள் கருங்காட்டைத் தேர்ந்தது வேதியியல் அல்ல, தொல்லியல் வாதம். தெற்கே அம்பர் என்ற மரப்பிசின் கல் போகும், வடக்கே வெண்கலம் வரும், அந்த வணிகத்தைக் கட்டிக்காக்கப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள் என்பது அக்குழுவில் இருந்த கிறிஸ்டியன் கிறிஸ்டியான்சென் நீண்ட காலமாக வாதாடிவந்த பார்வை. நல்ல பார்வைதான். ஆனால் செய்தித்தாள்கள் இந்த இரண்டையும் பிரிக்காமல், ‘பல் பேசியது’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டன. 2017இல் அதே முறையில், 1935இல் டென்மார்க்கில் கண்டெடுத்த இன்னொரு வெண்கலக் காலப் பெண்ணான ஸ்க்ரிட்ஸ்ட்ரப் பெண்ணும் வெளியூர்க்காரி என்று முடிவாயிற்று.

அளவு சரி, அளவுகோல்?

2019 மார்ச்சில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் எரிக் தோம்சென், ராஸ்முஸ் ஆண்ட்ரியாசென் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண்ணின் பல்லையோ முடியையோ அவர்கள் தொடவில்லை, ஒப்பிடப் பயன்பட்ட வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வரைபடம் இன்றைய ஓடை, ஏரி நீரிலிருந்து வரையப்பட்டது. டென்மார்க்கில் நிலத்தின் பெரும்பகுதி விளைநிலம், அங்கு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு போடுகிறார்கள். மேற்கு யூட்லாந்தின் மணல் நிலம் இயல்பில் அமிலத்தன்மை உள்ளது, சுண்ணாம்பு இல்லாமல் பயிர் வராது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சுண்ணம் கலந்த களிமண்ணான சுண்ணக்களியைக் கொண்டுபோய்க் கொட்டவே அங்கே குறும்பாதை ரயில்கள் ஓடின. பிற்காலத்தில் பொடித்த சுண்ணக்கட்டி வந்தது. டேனிஷ் சுண்ணக்கட்டியின் விகிதம் 0.708ஐ ஒட்டியது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மண்ணின் இயல்பான விகிதம் 0.713 என்று வைத்துக்கொள்வோம். ஓடைநீரிலுள்ள ஸ்ட்ரான்சியத்தில் பாதி சுண்ணாம்பிலிருந்து வந்தால், நீர் காட்டுவது 0.7105. முக்கால் பங்கு வந்தால் 0.7093 மட்டுமே. மணல் மண்ணில் கரையக்கூடிய ஸ்ட்ரான்சியம் ஏற்கெனவே கொஞ்சம்தான், சுண்ணாம்பில் அது நிறைய. ஆகவே சிறிதளவு சுண்ணாம்பே விகிதத்தைப் பெரிதும் இழுத்துவிடும். கிழக்கே களிமண்ணில் இயற்கையாகவே சுண்ணம் இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. எக்ட்வெட் இருப்பதோ கடைசிப் பனியுகப் பனிப்பாறை நின்ற எல்லைக்கோட்டை ஒட்டி, மணலும் களிமண்ணும் சந்திக்கும் இடத்தில்.

அவர்கள் விளைநிலத்து நீரையும், சுண்ணாம்பு படாத காடு, புதர்வெளி நீரையும் பக்கத்துப் பக்கத்தில் எடுத்து அளந்தார்கள். வயலை விட்டு விலகியதும் விகிதம் ஏறியது. திருத்திய அளவுகோலை வைத்தால், பெண்ணின் பல்லும் முடியும் காட்டும் எண்கள் எல்லாம் ஈமமேட்டைச் சுற்றிச் சுமார் 10 கி.மீ.க்குள்ளேயே கிடைக்கின்றன. ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் மேட்டு நிலத்துக்கும் இடையே இடம் மாறினாலே முடியின் ஏற்ற இறக்கம் வந்துவிடும். 800 கி.மீ. பயணம் மேய்ச்சலுக்கு இடம் மாறும் தூரமாகச் சுருங்கியது. ஸ்க்ரிட்ஸ்ட்ரப் பெண்ணுக்கும் இதே கதி.

ஃப்ரெய் குழுவின் கோபன்ஹேகன் தரப்பு விட்டுக்கொடுக்கவில்லை. சுண்ணாம்பின் ஸ்ட்ரான்சியம் மேல்மண்ணிலேயே பிடிபட்டுவிடுகிறது, நீருக்கு வந்து சேர்வது சொற்பம் என்றார்கள். சுண்ணாம்பிலிருந்து ஸ்ட்ரான்சியம் விரைவாகவே வெளியேறுகிறது என்று ஆர்ஹுஸ் தரப்பு 2021இல் பதில் சொன்னது. இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது: இன்று ‘தீண்டப்படாத’ காடும் புதர்வெளியும் எப்படித் தீண்டப்படாமல் நின்றன? விளைச்சலுக்கு உதவாத, மழையால் சத்து கரைந்துபோன நிலம் என்பதால்தானே. வெண்கலக் கால மக்கள் அங்கேயா பயிர் செய்திருப்பார்கள்? அந்த நிலத்தின் உயர்ந்த விகிதத்தை முழு வட்டாரத்துக்கும் ஏற்றினால் அதுவும் சாய்வுதான்.

நம் கணிப்பில், ஆர்ஹுஸ் ஆய்வு ‘அவள் உள்ளூர்க்காரி’ என்று நிறுவவில்லை. ‘அவள் வெளியூர்க்காரி’ என்பதற்கான ஆதாரத்தைத்தான் எடுத்துவிட்டது. இந்த இரண்டும் ஒன்றல்ல. கம்பளி விஷயத்திலும் இதே நிலை: ஆடும் பெண்ணும் ஒரே மேய்ச்சல் மேட்டில் திரிந்திருந்தால் எண்கள் ஒத்துப்போவதில் வியப்பில்லை.

முடியின் காலவரிசையை வாசிப்பதிலும் கவனம் வேண்டும், இதைப் பற்றி விவாதத்தில் குறைவாகவே பேசப்படுகிறது. தலையிலுள்ள முடிகளில் சுமார் பத்தில் ஒன்று எப்போதும் வளராமல் ஓய்வில் இருக்கும். கொத்தாக வெட்டினால் வெவ்வேறு மாதங்கள் ஒரே துண்டில் கலக்கும். அதோடு 3,300 ஆண்டு அமில நீரில் ஊறிய முடி, அந்த நீரின் ஸ்ட்ரான்சியத்தைத் தன்னுள் இழுத்திருக்கலாம். மேற்பரப்புத் தூசியைக் கழுவும் அமிலம் இழைக்குள் ஊடுருவியதை எடுக்காது. துண்டுகளுக்கு இடையே தெளிவான வேறுபாடு இருப்பது, எல்லாம் ஒரே நீரால் சமப்பட்டுவிடவில்லை என்பதற்கு ஓரளவு சான்று, அவ்வளவே.

புதிதாக ஒரு வட்டாரத்துக்கு அளவுகோல் தயாரிப்பவர்கள் இந்த வழக்கிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளக்கூடியவை சில. ஓடைநீர் எடுக்கும் முன் அதன் மேல்புறத்தில் எத்தனை வயல் என்று நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் பார்க்க வேண்டும், மாதிரி எடுக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் காடு இருந்தால் போதாது. செடி எடுத்தால் ஆழவேர் மரம், நடுத்தரப் புதர், புல் என மூன்றும் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும், மேல்மண்ணில் மட்டும் விகிதம் தாழ்ந்திருந்தால் அது உரத்தின் அல்லது மழையின் வேலை. கடலோரத்தில் உப்புத் தெறிப்பு எல்லாவற்றையும் 0.7092 பக்கம் இழுக்கும். நத்தை ஓடு எளிதில் கிடைக்கும், ஆனால் அது சுண்ணத்தைத் தேடித் தின்பதால் ஒருபக்கமாகச் சாயும். சரளைச் சாலைக்கு அருகே எதையும் எடுக்கக் கூடாது, சரளை எங்கிருந்து வந்ததோ அந்த ஊரின் எண்தான் கிடைக்கும். அதே காலத்து அகழாய்வில் கிடைத்த, அதிகம் அலையாத விலங்குகளின் பல் எனாமல் நல்ல அளவுகோல். யூட்லாந்தின் அமில மண்ணில் அதுதான் அரிது.

யூட்லாந்தில் வேறொரு சேமிப்பு உண்டு. ஈமமேடுகளே வெண்கலக் கால மேய்ச்சல் நிலத்தின் மேல்மண்ணைக் கட்டி கட்டியாக அடுக்கிவைத்தவை. இரும்பு ஓட்டுக்குள் சிக்கிய புல்கட்டிகளுக்குள் 19ஆம் நூற்றாண்டின் சுண்ணக்களி எளிதில் நுழைந்திருக்காது. அமில நீர் அவற்றிலிருந்து எவ்வளவு ஸ்ட்ரான்சியத்தைக் கரைத்துக் கொண்டுபோனது என்பதைத் தனியே சரிபார்த்தாக வேண்டும். அதைத் தாண்டினால், அந்தப் பெண்ணின் ஆடுகள் மேய்ந்த காலத்து மண்ணே நேராகக் கைக்கு வரும். குழந்தையின் எரிந்த எலும்பும் உதவும். நன்கு வெந்து வெளுத்த எலும்பு படிகமாக இறுகிவிடுவதால், வெளி நீரின் ஸ்ட்ரான்சியம் அதில் எளிதில் ஏறுவதில்லை. வேகாத எலும்பு முழுதும் கரைந்துபோன அந்தப் பெட்டியில், தீயில் போட்ட எலும்புதான் மிஞ்சியிருக்கிறது.